கம்பியில் இரண்டு தட்டு

அத்தியாயம் 14

மகனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்து இரண்டு நாள் ஆகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். யோசனை சொல்கிறவன் எவனும் கூட வந்து ஒரு மணி நேரம் உட்காரப் போவதில்லை.

பன்னிரண்டு நாளாக அவருடைய மகன் நெட்டை, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பூட்டிய வார்டில் இருக்கிறான். உயிரே வேண்டாம் என்று போனவனை அவன் மனைவி சரியான நேரத்தில் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கதையை மறுபடி கிளற வேண்டாம். உடம்பு தேறிவிட்டது. உள்ளே இருப்பது தேறியதா என்று பார்க்கத்தான் இன்னும் எவனும் கருவி கண்டுபிடிக்கவில்லை. எட்டு வயதுப் பேத்தியிடம் அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் நம்பின மாதிரி இருக்கிறாள்.

லிஃப்ட்காரர் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கை வைத்துப் பார்க்காத எதையும் நம்பமாட்டார். டாக்டர் "முன்னேற்றம் இருக்கு" என்றபோது, "எங்க இருக்கு, காட்டுங்க" என்று கேட்டவர். டாக்டர் அதற்கு அப்புறம் அவரைப் பார்த்தால் நடையை எட்டிப் போடுகிறார்.

காலை பத்து மணிக்கு வார்டு வாசலில் பெல்லை அடித்தார். கதவைத் திறந்தது 'மீட்டர்'.

மீட்டர் என்பது வார்டின் மூத்த நர்ஸ். கையில் அட்டை, அட்டையில் தாள், பேனா. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிற ஆள் மாதிரி ஒவ்வொரு கட்டிலாகப் போய் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டே போவாள். பேர் வைத்தது லிஃப்ட்காரர்தான். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"பாக்கெட்ல இருக்கறதை எல்லாம் இந்த டப்பால போடுங்க ஐயா."

"நேத்தும் போட்டேன்."

"இன்னிக்கும் போடுங்க."

சாவிக்கொத்து வந்தது. மூக்குப்பொடி டப்பா வந்தது. சோப்புத்துண்டு அளவில் ஒரு பழைய பீங்கான் ஃப்யூஸ் வந்தது. அதற்கு அப்புறம், வேண்டாவெறுப்பாக, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று வந்தது.

"இது எதுக்கு?"

"என் ஸ்பேனர். என் பாக்கெட்ல இருக்கு. உனக்கு எதுக்கு?"

மீட்டர் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிடியில் புதுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டப்பாவில் போட்டு, டப்பாவை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். போகவிடாமல் அங்கேயே நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேட்கணும். உங்க பையன் இந்த ரெண்டு மூணு நாளா உங்களுக்கு எதாவது குடுத்தாரா? இல்ல, யார்கிட்டயாவது குடுக்கச் சொன்னாரா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சு..."

"இல்லன்னா இல்ல."

அந்த ஸ்பேனர் நெட்டையுடையது. பத்தொன்பது வயதில் அவன் முதல் முதலாக லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கிய அன்றைக்கு அப்பன் வாங்கிக் கொடுத்தது. அதை எவனுக்கும் கடன் கொடுக்கமாட்டான். அப்பன் கேட்டாலே முறைப்பான். வீட்டில் இருந்த அதை முந்தாநாள் மனைவியிடம் சொல்லி, "அப்பாகிட்ட குடுத்துடு" என்று கொடுக்க வைத்திருந்தான். லிஃப்ட்காரருக்கு அன்றைக்குத்தான் இரண்டு வாய் சோறு இறங்கியது. எண்ணெய் போட்டு வைக்கச் சொல்கிறான், வேலைக்குத் திரும்பப் போகிறான் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

அதை ஏன் மறைத்தார்? இந்த நர்ஸிடம் எதைச் சொன்னாலும் எழுதிவிடுவாள். எழுதினால் டாக்டர் படிப்பார். டாக்டர் படித்தால் இன்னும் பத்து நாள் என்பார். லிஃப்டைச் சோதிக்க வருகிற இன்ஸ்பெக்டர்களோடு காலம் தள்ளிய ஆளுக்கு இது நன்றாகத் தெரியும்: வாயிலிருந்து விழுந்தது தாளில் ஏறிவிட்டால் அது உனக்கு எதிராகத்தான் திரும்பி வரும்.

நெட்டை முகம் மழித்து, தலை வாரி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"அப்பா, இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டாவது மாடில ஒரு குலுக்கு குலுக்குதே, கவனிச்சீங்களா?"

"முதல் நாளே கவனிச்சேன்."

"யாரு பார்க்கறாங்க அதை?"

"எவனோ. குழிக்குள்ள இறங்காம, வெளியில உட்கார்ந்துக்கிட்டு 'எல்லாம் சரி'ன்னு கார்டு எழுதறவன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நான் நல்லாயிட்டேம்பா. வீட்டுக்குப் போயிடலாம். இங்க தூக்கம் வரல. நீங்க கையெழுத்துப் போட்டா விட்டுடுவாங்களாம்."

"போட்டுடறேன். இன்னிக்கே கேட்கறேன்."

"ஸ்பேனர் வந்துச்சா?"

"வந்துச்சு. டேப்பெல்லாம் மாத்தியிருக்கியே."

"நீங்களே வெச்சுக்குங்க."

"நீ வந்து வாங்கிக்கடா. எனக்கு எதுக்கு?"

நெட்டை ஜன்னலைப் பார்த்தான். அந்த ஜன்னல் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது.

மீட்டர் வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு போனாள். லிஃப்ட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிஷம். இதற்கு முன்னால் பதினாலு. அதற்கு முன்னால் ஒன்பது.

பின்னாலேயே போய்ப் பிடித்தார். "ஏம்மா, ஒழுங்கா ஒரு டைம் வெச்சுக்கிட்டு வரக்கூடாதா? ஆறு, பதினாலு, ஒம்பதுன்னு என்ன கணக்கு இது?"

"டைம் தெரிஞ்சா அந்த டைமுக்கு மட்டும் எல்லாரும் நல்லா இருப்பாங்க ஐயா."

இது அவருக்குப் பிடித்திருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சொல்லாமல் வருகிற இன்ஸ்பெக்டரிடம்தான் அவருக்குக் கொஞ்சமாவது மரியாதை உண்டு.

"கையெழுத்துப் போடணும். பையனைக் கூட்டிட்டுப் போறேன்."

மீட்டர் பேனாவை மூடினாள். "டாக்டர் இன்னும் ஒரு வாரம்னு சொன்னாரே."

"அவரு அதைத்தான் சொல்லுவாரு. பையன் சிரிக்கறான். பேசறான். முகம் மழிச்சிருக்கான். வேற என்ன வேணும் உங்களுக்கு? எதனால இப்படி ஆச்சுன்னு கேட்டா அதையும் சொல்லத் தெரியல. லிஃப்ட் நின்னா ஒரு காரணம் இருக்கும். எந்த ஒயர்னு காட்டணும்ல?"

"ஒரு ஒயர் இல்லீங்க. தூக்கம் போச்சு, கூட வேலை பார்த்தவர் இறந்தாரு, முதுகு வலி, அதுக்கு மேல மனச்சோர்வு வியாதி. எது முதல்ல, எது அப்புறம்னு அவருக்கே தெரியாது." மீட்டர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "கையெழுத்து அப்புறம். முதல்ல இதைப் படிச்சுப் பாருங்க. அவர் வீட்டுக்குப் போனா உங்களுக்குத்தான் வேலை. மனசு மறுபடி இருட்டிக்கிட்டு வந்தா என்ன பண்ணணும்னு அவரே எழுதணும். எழுதியிருக்காரு."

லிஃப்ட்காரர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

மனசு கெடப் போவது எனக்கு எப்படித் தெரியும்: தூக்கம் வராது. அப்போது நானே என்ன செய்வேன்: நடப்பேன். யாரிடம் போய் உட்காருவேன்: அப்பா. யாரைக் கூப்பிடுவேன்: மனைவி, ஆஸ்பத்திரி நம்பர். வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும்: ஒன்றுமில்லை. வாழ்வதற்கு எனக்கு என்ன காரணம்: குடும்பம்.

அழகான கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் அளந்து வைத்த மாதிரி ஒரு வார்த்தை.

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

இந்த மாதிரிக் கார்டை அவர் ஆயிரம் பார்த்திருக்கிறார். பிரேக்: சரி. கதவு: சரி. கம்பி: சரி. குழிக்குள் இறங்கி வந்தவன் எழுதுகிற கார்டில் எண்ணெய்க் கட்டைவிரல் பதிந்திருக்கும். எங்கேயாவது அடித்துத் திருத்தியிருக்கும். ஒரு புகாராவது இருக்கும், இல்லாமல் இருக்காது. எல்லாம் சரி என்று சுத்தமாக எழுதின கார்டு குழியைப் பார்க்காதவன் கார்டு. மகனுக்கு வேலை சொல்லிக்கொடுத்த முதல் வாரத்தில் அவர் சொன்னதே இதுதான்.

"என்ன ஐயா?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் வர்றேன்."

கையெழுத்துப் போடாமலே வெளியே வந்துவிட்டார்.

வராண்டா பெஞ்சில் மருமகள் வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்றரை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். சாப்பாட்டு வேளையில் பச்சைச் சீருடையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"மாமா, ஒரு நல்ல விஷயம். நேத்து சாயங்காலம் வார்டு போன்ல கூப்பிட்டாரு. பன்னெண்டு நாளா ஒரு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன், அரை மணி நேரம் பேசினாரு மாமா!"

"என்ன பேசினான்?"

"எந்தக் காகிதம் எந்த ஃபைல்ல இருக்கு, பாப்பா ஸ்கூல் பேப்பர் எங்க, வீட்டுப் பத்திரம் எங்க, எல்லாம். குழந்தைக்குச் சொல்ற மாதிரி பொறுமையா. நான் எழுதிக்கிட்டேன். குடும்பத்தைப் பத்தி இப்பதான் யோசிக்க ஆரம்பிச்சிருக்காரு."

லிஃப்ட்காரரின் கை காலியான பாக்கெட்டைத் தடவியது.

"அந்தப் பூனைக்குக்கூட வண்டியைக் குடுத்துடச் சொல்லிட்டாரு மாமா. சும்மா நின்னா கெட்டுப்போயிடுமாம்."

பூனை என்பது நெட்டையோடு வேலை பார்க்கிற ஆள். ஐம்பது வயது, சத்தம் போடாமல் நடப்பவன். அந்த வண்டியை நெட்டை வேறு யாரையும் தள்ளக்கூட விட்டதில்லை.

"பூனைக்கா? வண்டியையா?"

"ஆமா மாமா. உங்களுக்கு ஸ்பேனர், எனக்கு ஃபைல், பூனைக்கு..."

அவள் அந்த இடத்தில் நின்றாள். விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தவள் மூன்றாவது விரலைப் பிடித்தபடி இருந்தாள். முகத்திலிருந்த தெளிவு எங்கே போனது என்று தெரியவில்லை.

"மாமா."

"சொல்லாத. இரு."

மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூலையில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்து வைத்து யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் கண் பட்டுவிடும் என்கிற மாதிரி.

லிஃப்ட்காரர் எழுந்து பெல்லை அடித்தார். கதவு திறக்கிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

"காலையில நான் பொய் சொன்னேன். அது அவன் ஸ்பேனர்."

மீதியையும் சொன்னார். முடிக்கிறதற்குள் மீட்டர் திரும்பி, உள்ளே இருந்த சின்ன நர்ஸிடம் நாலு வார்த்தை சொன்னாள். அந்தப் பெண் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நெட்டையின் கட்டில் பக்கம் போனாள். மீட்டர் டாக்டருக்கு போன் போட்டாள். அதற்கு அப்புறம்தான் லிஃப்ட்காரரைப் பார்த்தாள்.

"காலையிலயே சொல்லியிருந்தா நாலு மணி நேரம் மிச்சம் ஆயிருக்கும்."

"சொல்லு. நல்லா சொல்லு."

"திட்டல ஐயா. இனிமே மறைக்காதீங்க. நல்ல சேதின்னு தோணினாலும் சொல்லுங்க."

"இப்ப என்ன பண்ணுவ? ஊசி போடுவியா?"

"கேட்கப் போறேன்."

"என்னத்தை?"

"சாகணும்னு நினைக்கறீங்களான்னு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா! அதைப் போய் நீயே அவன் காதுல போடுவியா?"

"கேட்டதால அந்த நினைப்பு வராதுங்க. அது ஏற்கனவே அவருக்குள்ள தனியா உட்கார்ந்திருக்கு. யாராவது வாய்விட்டுக் கேட்டாதான் அவருக்குச் சொல்லவே வழி. நீங்க வாங்க. பக்கத்துல இருங்க. நடுவுல பேசாதீங்க."

"நான் எங்க பேசப் போறேன்."

நெட்டை நாற்காலியையும் பார்த்தான், அதில் உட்கார்ந்திருந்த சின்ன நர்ஸையும் பார்த்தான். அப்புறம் அப்பாவைப் பார்த்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

மீட்டர் கட்டில் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள். அட்டையைக் கொண்டுவரவில்லை. "உங்க சாமான் எல்லாம் குடுத்துட்டு வர்றீங்கன்னு தெரிஞ்சுது. அதனால நேராவே கேட்கறேன். சாகணும்ங்கற நினைப்பு இருக்கா?"

"ச்சே. இல்ல சிஸ்டர்." அவன் சிரித்தான். காலையில் சிரித்த அதே சிரிப்பு. "நல்லாயிட்டேன்னு சொல்றேனே."

"சரி. ஆனா இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. இனிமே எப்பவும் ஒருத்தர் கை எட்டற தூரத்துல இருப்பாங்க. பாத்ரூமுக்கும் வருவாங்க. சங்கடம்தான், எனக்குத் தெரியும். முடிஞ்ச சீக்கிரம் குறைச்சுக்கலாம்."

சிரிப்பு போய்விட்டது. நெட்டை அப்பாவை நோக்கித் திரும்பினான்.

"சொல்லிட்டீங்கல்ல? உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். கையெழுத்துப் போடறேன்னீங்க!"

"டேய்..."

"பேசாதீங்க. போங்க இங்கிருந்து."

"கோபம் வரத்தான் செய்யும்," என்றாள் மீட்டர். "திட்டுங்க. யாரும் எழுந்து போகப் போறதில்ல."

நெட்டை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்கு அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நாலு மணி நேரத்தை எப்படிச் சொல்வது? டாக்டர் வந்தார், பேசினார், மாத்திரையை மாற்றி எழுதினார், போனார். மருமகளை ஐந்து நிமிஷம் விட்டார்கள். அவள் கணவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அசையவில்லை. அவள் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாற்காலியில் சின்ன நர்ஸ் போய் மீட்டர் வந்தாள். எழுகிறவள், உட்காருகிறவளிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். நாற்காலி ஒரு நொடிகூடக் காலியாக இல்லை.

லிஃப்ட்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தார், எதற்கு என்று தெரியவில்லை. சொன்னதற்கா, சொல்லாததற்கா? பதினெட்டு மாடிக் கட்டடத்தில் நடுவில் சிக்கிய லிஃப்டிலிருந்து ஏழு பேரை வெளியே இழுத்த கை அது. இப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

இரும்புக் கட்டில். பெயிண்ட் உதிர்ந்த கம்பி.

ஐந்தரை மணிக்கு, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், விரல் முட்டியை மடக்கி அந்தக் கம்பியில் தட்டினார். இரண்டு தட்டு. டக், டக்.

லிஃப்ட் கிணற்றுக்குள் வேலை செய்கிறபோது மேலே ஒருத்தன் நிற்பான், கீழே ஒருத்தன் இறங்குவான். மேலே நிற்கிறவன் ஃப்யூஸைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். தெரியாத்தனமாகக்கூட எவனும் கரண்ட் போட்டுவிடக் கூடாது, அதற்கு. கிணற்றுக்குள் குரல் சிதறும், பேச்சு புரியாது. அதனால் ஸ்பேனரால் கம்பியில் தட்டிப் பேசிக்கொள்வார்கள். மேலிருந்து இரண்டு தட்டு வந்தால், எப்படி இருக்கிறாய் என்று கேட்பதாக அர்த்தம். கீழிருந்தும் இரண்டு வந்தால் நன்றாக இருக்கிறான், வேலை நடக்கலாம். ஒன்று மட்டும் வந்தால் ஏதோ சரியில்லை. எதையும் தொடாதே, இடத்தை விட்டு நகராதே. கீழே இருப்பவன் தலை வெளியே தெரிகிற வரைக்கும் மேலே இருப்பவன் ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது.

அப்பனும் மகனும் பதினோரு வருஷம் இப்படிப் பேசியிருக்கிறார்கள். வாயால் பேசிக்கொண்டது அதில் கால்வாசி இருக்காது.

பதில் வரவில்லை.

லிஃப்ட்காரர் மறுபடி தட்டவில்லை. மறுபடி தட்டக் கூடாது. காத்திருக்க வேண்டும், அதுதான் முறை. மீட்டர் அவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், கேள்வி கேட்கவில்லை.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. சுவர் ஓரமாக இருந்த கம்பியைத் தேடியது.

டக்.

லிஃப்ட்காரர் இன்னொன்றுக்காக நின்றார். கை கம்பிமேலேயே இருந்தது. இன்னொன்று வரவில்லை.

"என்ன ஐயா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணுதான் தட்டினான்," என்றார். "ஒண்ணு தட்டினா... கீழ சரியில்லம்மா."

மீட்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். நெட்டையின் முதுகைப் பார்த்து, மதியம் கேட்ட அதே குரலில் கேட்டாள். "அந்த நினைப்பு இருக்கா?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இருக்கு."

"இங்கயா?"

"வீட்டுக்குப் போனப்புறம்னு நினைச்சிருந்தேன்."

லிஃப்ட்காரர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். காலையில் அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் இப்போது வீட்டில் இருந்திருப்பார்கள்.

"சொன்னீங்களே, நல்லது," என்றாள் மீட்டர். "இதைத் தனியா தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்க. இப்ப எங்களுக்கும் தெரியும். இன்னும் யாருக்காவது எதாவது குடுக்கணும்னு இருக்கா?"

"ஒருத்தருக்கு."

"யாருக்கு?"

அவன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

ஆறு மணி பெல் அடித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். லிஃப்ட்காரர் எழவில்லை, ஏனென்றால் அவர் உட்காரவே இல்லை. நின்ற இடத்தில் நின்றார்.

"ஐயா, டைம் ஆச்சு."

"ஒரு தட்டு வந்திருக்கு. நான் போகக் கூடாது."

"இங்க இருக்க விட முடியாதுங்க. மத்தவங்களும் படுத்திருக்காங்க."

"உன் சட்டம் உனக்கு. என் சட்டம் எனக்கு. ஒரு தட்டு வந்தா மேல நிக்கறவன் நகரக் கூடாது." வேலை முறையை அவளுக்குச் சொன்னார். கோர்வையாக வரவில்லை. ஃப்யூஸைச் சொன்னார், கிணற்றைச் சொன்னார், மறுபடி ஃப்யூஸுக்கு வந்தார்.

மீட்டர் முழுக்கக் கேட்டாள். "மேல நிக்கறவருக்கு உடம்பு சரியில்லன்னா? வீட்டுக்குப் போகவே வேண்டியதில்லையா?"

"இன்னொருத்தன் வந்து நிப்பான். ஃப்யூஸை அவன் கையில குடுத்துட்டுப் போகணும். கையில. பக்கத்துல வெச்சுட்டு இல்ல."

மீட்டர் சின்ன நர்ஸை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவரோடு வாசல்வரை வந்தாள். லாக்கரைத் திறந்து டப்பாவை நீட்டினாள். அவர் சாவியை எடுத்தார், பொடி டப்பாவை எடுத்தார், ஸ்பேனரை எடுத்தார். பீங்கான் ஃப்யூஸை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அதை அவர் கொடுத்தது எத்தனை பேரிடம்? மூன்று பேர் இருக்கும். அதில் ஒருத்தன் உள்ளே படுத்திருக்கிறான்.

"உன் டியூட்டி எத்தனை மணிக்கு முடியுது?"

"எட்டு."

"அப்புறம்?"

"அடுத்து வர்றவங்க கையில குடுத்துட்டுத்தான் போவேன். இதையும்."

அவள் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவள் மேல்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பாக்கெட்டை ஒரு தடவை தட்டிக் காட்டினாள்.

"மீட்டர் பார்த்துக்கும், போங்க ஐயா."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் லேசாகச் சிரித்தாள். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

மருமகள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "என்ன மாமா சொன்னாரு?"

"ஒண்ணு தட்டினான்."

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. வீட்டில் சமையலறைச் சுவரிலும் அவன் அப்படித்தான் தட்டுவான். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் ஒருத்தருக்குக் குடுக்கணுமாம். யாருக்குன்னு சொல்லல," என்றார் லிஃப்ட்காரர். "அதைக் குடுத்து முடிக்கற வரைக்கும்தான் நமக்கு டைம். யாரும்மா அது? உனக்கு எதாவது தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கை வாய்க்குப் போயிற்று.

"மாமா... நாளைக்குக் காலைல பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. நேத்து போன்லயே சொன்னாரு. டாக்டர்கிட்ட அனுமதி வாங்கி வெச்சிருக்கேன். அப்பாவைப் பார்க்கப் போறோம்னு அவகிட்டயும் சொல்லிட்டேன். அவளுக்கு என்னவோ குடுக்கணுமாம்."

லிஃப்ட்காரர் திரும்பினார். பூட்டிய கதவு. பெல் பக்கத்திலேயே இருந்தது. பெல்லைப் பார்க்கக்கூட இல்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

கதவின் இரும்புச் சட்டத்தில் தட்டினார்.

ஒரே ஒரு தட்டு.